உயர்திறன் டயர் சீக்கிரம் தேய்கிறதா? தேய்ந்த இடமே காரணத்தைச் சொல்லும்

வேலைக்குப் போய்வருவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, எப்போதாவது ஒரு நீண்ட நெடுஞ்சாலைப் பயணம். கார் ஓடுவது இவ்வளவுதான். பந்தயத் தடத்தை அது பார்த்ததே இல்லை. இருந்தும் வேகத்துக்கும் பிடிப்புக்கும் என்று செய்த உயர்திறன் டயர் ஒன்றரை ஆண்டில் மொட்டையாகிவிட்டது என்று நொந்துகொள்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். டயர்தான் மட்டம் என்பது அவர்கள் முடிவு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். ரப்பர் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கும். குறைந்த காற்றோ, விலகிய சக்கரக் கோணமோ, நைந்துபோன ஒரு ரப்பர் புஷ்ஷோ அதன் ஆயுளில் பாதியைத் தின்றிருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வேகத்தில் தேயும்.

எவ்வளவு ஓடினால் நியாயம் என்பதற்கு முதலில் ஒரு தோராயக் கணக்கு. பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த மிக மென்மையான டயர்கள் அன்றாட ஓட்டத்தில் 15,000 முதல் 25,000 கி.மீ. வரை தாங்கும். தெருவுக்கென்றே செய்த உயர்திறன் கோடை டயர்கள் 25,000 முதல் 40,000 கி.மீ. வரை போகும். எல்லாப் பருவத்துக்குமான உயர்திறன் டயர்கள் 50,000 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. காரின் எடை, சாலையின் சொரசொரப்பு, ஓட்டுகிறவரின் கால் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் நிறையவே மாறும். அதனால்தான் "எத்தனை கிலோமீட்டர் வரும்" என்ற கேள்வியைவிட "ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் வருகிறது, எந்த இடத்தில் தேய்கிறது" என்ற கேள்வியை நான் நம்புகிறேன். அதற்கான விடையை டயரிலேயே படித்துவிடலாம்.

முதலில் அளவெடுங்கள்

சாலையைத் தொடும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர் பகுதிதான் டிரெட். அதன் ஆழம் அளக்கும் கருவி சட்டைப்பையில் அடங்கும் சிறு பொருள். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயரிலும் உள் ஓரப் பள்ளம், நடுப் பள்ளம், வெளி ஓரப் பள்ளம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு எண்கள். அவற்றோடு அன்றைய கிலோமீட்டர் அளவையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும். அதுதான் தேய்மானக் குறி. பள்ளத்தின் அடியிலிருந்து 1.6 மி.மீ. உயரம் கொண்டது. கருவியின் ஊசியை அந்த மேட்டின்மேல் வைத்துவிட்டால் 1.6 மி.மீ. குறைத்துக் காட்டும். மேட்டைத் தவிர்த்துப் பள்ளத்தின் அடியில் ஊசி பட வேண்டும்.

முன் டயருக்கு ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்துவிட்டால் டயரின் முகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பின் டயரின் உள் ஓரம்தான் தொல்லை. காரைத் தூக்கினால்தான் சரியாகப் பார்க்க முடியும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே அருகில் போங்கள்.

கணக்கு எளிது. புதிதாக இருந்தபோது 8 மி.மீ. என்றும் 6,000 கி.மீ. ஓடிய பின் 6.8 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். 1.2 மி.மீ. கரைந்திருக்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 5,000 கி.மீ. இதே வேகத்தில் போனால் 3 மி.மீ.க்கு வரும்போது மொத்தம் 25,000 கி.மீ. ஆகியிருக்கும், 1.6 மி.மீ. வரை இழுத்தால் 32,000 கி.மீ. புது டயரில், பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் டிரெட் கட்டைகள் உயரமாக இருப்பதால் அவை அதிகம் நெளியும். முதல் மில்லிமீட்டர் சற்று வேகமாகவே கரையும். அதைப் பார்த்து உடனே பதற வேண்டியதில்லை. இரண்டாவது அளவீடுதான் உண்மையான வேகத்தைக் காட்டும்.

பன்னிரண்டு எண்களும் கையில் இருந்தால், கீழே உள்ளவற்றில் உங்களுடைய அறிகுறி எது என்று பார்த்துவிடலாம்.

அறிகுறி: உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது

உயர்திறன் டயர்களை இதைப்போல வேறு எதுவும் சாகடிப்பதில்லை. எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். 14,000 கி.மீ. ஓடியிருந்த என் பின் டயர்களை வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு வருடம் தாராளமாக ஓடும் என்று தோன்றியது. வெளி ஓரத்தில் 5 மி.மீ. இருந்தது. பிரேக் பேடு மாற்றுவதற்காகக் காரைத் தூக்கியபோது உள்பக்கம் கையை ஓட்டினேன். விரலில் ஏதோ குத்தியது. விளக்கை வைத்துப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. எஃகுக் கம்பியின் நுனிகள் துருவோடு நீட்டிக்கொண்டிருந்தன. முந்தைய வாரம்தான் அதே டயரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்வந்திருந்தேன். அன்று முதல் உள் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த டயரையும் நல்ல டயர் என்று சொல்வதில்லை.

காரணம் பெரும்பாலும் இரண்டு கோணங்கள் சேர்ந்து செய்வது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது எதிர்மறை கேம்பர். மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. வளைவில் பிடிப்பு வேண்டும் என்பதற்காக, வேகமாக ஓட்டுவதற்கென்று செய்த கார்களில் கேம்பரைத் தொழிற்சாலையிலேயே சற்று அதிகமாக வைக்கிறார்கள். பலர் அதைத்தான் குற்றம் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் கேம்பர் மட்டும் தனியாக ஒரு டயரை இவ்வளவு விரைவில் கொல்வதில்லை. கேம்பர் எடையை உள் ஓரத்தில் சாய்க்கிறது. டோ அந்த ஓரத்தைச் சாலையில் தேய்த்து அரைக்கிறது.

எவ்வளவு அரைக்கும்? ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து கால் டிகிரி மட்டும் திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. 10,000 கி.மீ.க்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 44 கி.மீ. மென்மையான ரப்பரைச் சொரசொரப்பான சாலையில் 44 கி.மீ. குறுக்காக இழுத்தால் என்ன மிஞ்சும்?

டோ சரியில்லை என்பதை உறுதிசெய்ய ஒரு கைச் சோதனை உண்டு. உள்ளங்கையை டிரெட்டின்மேல் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாக ஓட்டுங்கள். பிறகு திரும்ப உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் மறு திசையில் மீன் செதிலை எதிர்ப்பக்கமாகத் தடவுவதுபோல் முரடாகவும் இருந்தால் அது டோ. டிரெட் ஆழம் குறைவதற்கு வெகு முன்னரே இந்த முரட்டு விளிம்பு கைக்குத் தட்டுப்படும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் ஒரு ஜோடி டயரைக் காப்பாற்றிவிடலாம்.

அடுத்து வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது. அங்கே கேட்க வேண்டியவை சில உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்; முன் இரண்டை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் எல்லாம் பச்சையாக இருப்பதே போதும் என்று எண்ணாதீர்கள். தொழிற்சாலை அனுமதிக்கும் வரம்பு அகலமானது. அதன் ஒரு கோடியில் நிற்கும் அளவும் பச்சைதான். அன்றாட ஓட்டத்துக்கு டோவை வரம்பின் நடுவில், இடது வலது இரண்டும் சமமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வழக்கமாகத் தனியாக ஓட்டுகிறவரா, பின் இருக்கை நிறைய ஆட்களோடு ஓட்டுகிறவரா என்பதையும் சொல்லுங்கள். எடை ஏறிக் கார் இறங்கினால் பின்பக்கக் கோணங்களும் மாறும். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்கள் அதற்குப் பிறகு அலைன்மென்ட் செய்யாமல் விட்டிருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அலைன்மென்ட் செய்த பிறகும் தொடர்ந்து உள் ஓரம் தேய்கிறதென்றால் சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். கார் நிற்கும்போது அளவு சரியாக இருக்கும். பிரேக் அழுத்தியதும் நைந்த புஷ் விட்டுக்கொடுத்துச் சக்கரம் வெளியே திரும்பும். அளக்கும் இயந்திரத்துக்கு இது தெரியாது. கடப்பாரையை நெம்புகோலாக வைத்து அசைத்துப் பார்க்கும் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார்.

அறிகுறி: இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிற்கிறது, அல்லது நேர்மாறு

முதலாவது காற்று குறைவு. இரண்டாவது காற்று அதிகம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் "நான் காற்றைச் சரியாகத்தான் வைக்கிறேன்" என்று சொல்கிறவர்களின் காரில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடைப்பது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு வேண்டிய அழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டிய தாளிலும், கையேட்டிலும் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண்கள் இருக்கலாம்.

இரண்டு, ஓடிச் சூடான டயரில் அளப்பது. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறும். அரை மணி நேரம் ஓடிய டயரில் 36 காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை அது குறைவான காற்றோடு நிற்கும். இரவு முழுவதும் நின்ற கார், காலை வெயில் படுவதற்கு முன், ஓட்டுவதற்கு முன். அப்போது அளப்பதுதான் அளவு. பருவம் மாறிக் குளிர் தொடங்கும் வாரத்தில் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மாதத்துக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. தானாகவே கசியும்.

மூன்று, காற்று குறைந்தால் காருக்குள் எரியும் எச்சரிக்கை விளக்கை நம்பிக் காத்திருப்பது. அமெரிக்க விதிமுறையின்படி அந்த விளக்கு எரிய வேண்டிய எல்லை, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைவு. 32 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 24க்கு இறங்கும்வரை விளக்கு மௌனமாக இருக்கலாம். 27இல் மாதக்கணக்கில் ஓடினால் டயரின் தோள்கள், அதாவது இரண்டு ஓரங்களும் கரைந்துவிடும். நீங்கள் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருப்பீர்கள்.

பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர்களில் இன்னொரு சிக்கல். காற்று குறைந்தாலும் அவை சப்பையாகத் தெரிவதில்லை. காலால் உதைத்துப் பார்ப்பதும் கண்ணால் மதிப்பிடுவதும் இங்கே உதவாது.

அறிகுறி: எல்லா இடத்திலும் சமமாகத் தேய்கிறது, ஆனால் வேகமாக

பன்னிரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் காரில் கோளாறு இல்லை என்று பொருள். இனிப் பார்க்க வேண்டியவை டயரின் இயல்பும் உங்கள் ஓட்டமும்.

பக்கச்சுவரில் டிரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான தர முத்திரை அது. வேறு நாடுகளில் விற்கும் பல டயர்களிலும் காணலாம். ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்து டெக்சாஸ் மாநிலத்தின் பொதுச் சாலைகளில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டித் தேய்மானத்தை ஒப்பிடுவது அந்தச் சோதனை. 100 என்பது அடிப்படை. 200 என்றால் அந்தச் சோதனையில் அதைவிட இரு மடங்கு தாங்கும் என்று அர்த்தம். முத்திரை எண்ணைத் தயாரிப்பாளரே இடுகிறார். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது நன்றாகப் பயன்படும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாகப் பயன்படாது. மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயரில் 180 என்றிருக்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300. ஒன்று பந்தயத் தடத்துக்குப் போய்வருகிறவருக்கானது, மற்றது தினமும் ஓட்டுகிறவருக்கானது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. உங்கள் டயரில் 200 என்று இருந்து 20,000 கி.மீ.யில் தேய்ந்திருந்தால் அது ஏமாற்றமில்லை. அந்த ரப்பருக்கு அதுதான் ஆயுள். அடுத்த முறை 300க்கு மேல் பாருங்கள். வறண்ட சாலையில் நீங்கள் இழக்கும் பிடிப்பு தினசரி ஓட்டத்தில் உங்களுக்குத் தெரியவே போவதில்லை என்பது என் கருத்து.

எண் 300க்கு மேல் இருந்தும் வேகமாகத் தேய்கிறதா? ஓட்டத்தைப் பாருங்கள். தேய்மானம் தூரத்தால் வருவதைவிடத் திருப்பத்தாலும் தடுப்பதாலும் கிளம்புவதாலும் வருகிறது. நேரான நெடுஞ்சாலையில் 100 கி.மீ. ஓடுவதைவிட, மலைப்பாதையிலோ சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்திலோ 30 கி.மீ. ஓடுவது டயரை அதிகம் வேலை வாங்கும். வளைவில் வேகம் இரு மடங்கானால் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை நான்கு மடங்காகிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடும் பழக்கத்தை விட்டு, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் முன் டயரின் தோள்கள் நீண்ட நாள் நிற்கும். காரின் எடையும் சேர்ந்து விளையாடுகிறது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை, நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையையும் கொடுப்பவை. பெட்ரோல் காரில் ஓடிய அதே தூரத்தை அவற்றில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அறிகுறி: பின் டயர்கள் முன் டயர்களைவிட வெகு சீக்கிரம் தேய்கின்றன, அல்லது தலைகீழ்

இயக்கும் சக்கரம் சீக்கிரம் தேயும். பின் சக்கர இயக்கமும் வலிமையான எஞ்சினும் கொண்ட காரில் பின் டயர்கள், முன் சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள். முன் சக்கர இயக்கத்தில் அதே டயர்கள்தாம் திருப்ப வேண்டும், தடுப்பதில் பெரும்பங்கை ஏற்க வேண்டும், காரையும் இழுக்க வேண்டும். வேறுபாடு கூடுதலாகவே இருக்கும்.

நான்கும் ஒரே அளவு என்றால் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில் முன் பின்னாக மட்டும் மாற்றலாம். பின்னால் அகலமான டயர், முன்னால் ஒல்லியான டயர் என்று வரும் கார்களில் முன்னும் பின்னும் மாற்றிப் போட வழியே இல்லை. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் முன் ஜோடி ஒன்று தேய்வதற்குள் பின் ஜோடி இரண்டு தேயும் என்ற கணக்கோடு இருப்பது நல்லது. டயரின் ஆயுளைப் பற்றிய விளம்பர எண்களைப் பார்க்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

அறிகுறி: ஓட ஓட "ஹ்ஹூம்" என்ற ஓசை, டிரெட்டில் மேடு பள்ளம்

டயரின் சுற்றளவு நெடுக விரலை ஓட்டினால் அலைபோல ஏறி இறங்குகிறதா? சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி விழுகிறது. விழும் இடம் தேய்ந்து குழியாகிறது. பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது, தவறியிருந்தாலும் இப்படி வரும். ஒவ்வொரு டிரெட் கட்டையும் ஒரு நுனியில் உயர்ந்து மறு நுனியில் தாழ்ந்து ரம்பப் பல்போல இருந்தால் அது வேறு. நீண்ட நாள் மாற்றிப் போடாமல் விட்டதால் வருவது. இயக்கப்படாத சக்கரங்களில் அதிகம் பார்க்கலாம்.

இந்த ஓசையைக் கேட்டு சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஓசை அப்படியே இருக்கிறதே என்று திகைத்தவர்கள் உண்டு. பிரித்தறிய வழி இருக்கிறது. சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயர். சாலை எதுவானாலும் அதே ஓசை, ஆனால் மெதுவாக இடமும் வலமும் வளைக்கும்போது கூடிக் குறைகிறதென்றால் பேரிங். இன்னும் ஐயமென்றால் முன் டயரைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓசையும் பின்னால் போய்விட்டதா? விடை கிடைத்துவிட்டது.

ஒருமுறை அலையாகத் தேய்ந்த டயர் தானாகச் சீராகாது. ஷாக் அப்சார்பரை மாற்றினாலும் பழைய ஓசை அந்த டயர் போகும்வரை இருக்கும்.

அறிகுறி: காலையில் ஸ்டீயரிங் அதிர்கிறது, சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது

சூடாக நிறுத்திய டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றுத் தட்டையாகிக் குளிர்ந்துவிடுகிறது. அதிவேகத்துக்கான டயர்களில் எஃகு அடுக்கின் மேல் நைலான் அடுக்கு இருப்பதால் இது அவற்றில் அதிகம். பதினைந்து இருபது நிமிடம் ஓடினால் போய்விடும், பழுதில்லை. போகாமல் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் பேலன்சிங் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காராக இருந்தால் தட்டை நிரந்தரமாகியிருக்கக்கூடும்.

அறிகுறி: டிரெட் நிறைய இருக்கிறது, பிடிப்பு மட்டும் இல்லை

குறைவாக ஓட்டுகிறவர்களின் நோய் இது. வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓடும் காரில் 6 மி.மீ. இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறோம். டயரோ இறுகிக் கட்டையாகியிருக்கும். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றாலும் வெயிலாலும் மூப்படைகிறது. டயர் உருண்டு நெளியும்போதுதான் ரப்பருக்குள் கலந்த பாதுகாப்புப் பொருள் மேற்பரப்புக்கு வரும். நின்றே கிடக்கும் காரில் அது வருவதில்லை, விரிசல் முந்திக்கொள்கிறது. பக்கச்சுவர் பழுப்பேறுவதைக் கண்டு சிலர் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். அந்தப் பழுப்பு, மேலே வந்த பாதுகாப்புப் பொருள்தான். பழுப்புக்குப் பயப்படாதீர்கள், விரிசலுக்குப் பயப்படுங்கள்.

வயதைப் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கங்கள் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். கார் தயாரிப்பாளர்கள் பலர் 6 ஆண்டோடு மாற்றச் சொல்கிறார்கள். டயர் நிறுவனங்கள் பல, எப்படிப் பார்த்தாலும் 10 ஆண்டைத் தாண்டக்கூடாது என்கின்றன. உயர்திறன் டயரில் நான் 6 ஆண்டுப் பக்கமே நிற்பேன். பிடிப்புக்காக வாங்கிய டயரைப் பிடிப்பு போன பிறகும் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. புதிதாக வாங்கும்போதும் இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

டயர் புதிதுதான், காலையில் மட்டும் வழுக்குகிறது என்றால் குளிரைக் கவனியுங்கள். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். உறைநிலைக்கு வெகு கீழே போனால் டிரெட் கட்டைகளில் விரிசல்கூட விழலாம். அந்தக் குளிரில் காரை நகர்த்தாமலே இருப்பது நல்லது.

அறிகுறி: மழையில் கார் மிதப்பதுபோல் இருக்கிறது, தேய்மானம் குறியை இன்னும் தொடவில்லை

இதில்தான் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. 1.6 மி.மீ. பல நாடுகளில் சட்டம் விதித்த எல்லை. அதற்கு மேல் இருக்கும் டயர் சட்டப்படி செல்லும். மழையில் பாதுகாப்பு என்று ஆகாது. அகலமான டயர் ஒவ்வொரு கணமும் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளப் பள்ளம் வேண்டும். பள்ளம் 3 மி.மீ.க்கு இறங்கியதும் தண்ணீர் வெளியேற இடம் போதாமல் டயர் நீர்ப்படலத்தின்மேல் ஏறிக்கொள்ளத் தொடங்குகிறது. சாதாரண ஒல்லி டயரைவிட அகலமான டயருக்கு இந்த ஆபத்து முந்தி வரும். வறண்ட சாலையில் அதே டயர் முன்னைவிட நன்றாகப் பிடிப்பதுபோலக்கூடத் தோன்றும். டிரெட் கட்டைகள் குட்டையாகி நெளிவு குறைவதால் வருவது அது. அதை நம்பி மழைக்காலத்தில் இறங்கக்கூடாது.

ஆகவே மழை பெய்யும் இடத்தில் ஓட்டுகிறவர்கள் ஆயுள் கணக்கை 3 மி.மீ.யோடு முடித்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்கில் 32,000 கி.மீ. என்பது உண்மையில் 25,000 கி.மீ.தான்.

அறிகுறி: பக்கச்சுவரில் புடைப்பு

சாலைக் குழியின் விளிம்புக்கும் சக்கரத்தின் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி உள்ளே நூல்கள் அறுந்திருக்கின்றன. காற்று அந்த இடத்தில் வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒட்டவோ சரிசெய்யவோ முடியாது. எவ்வளவு டிரெட் இருந்தாலும் அந்த டயரில் ஓட்டாதீர்கள். வெளியே புடைக்காமல், மேலிருந்து கீழாக உள்வாங்கிய மெல்லிய வரிபோலத் தெரிந்தால் அது நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம், அது குறையில்லை. விரல் வைத்துப் பார்த்தால் மேடா, குழியா என்று தெரிந்துவிடும்.

புது டயர் போட்ட பிறகு

இரண்டு மட்டும் மாற்றுவதானால் புது ஜோடி பின்னால் போக வேண்டும், முன் சக்கர இயக்கக் காராக இருந்தாலும். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கக் கார்களில் புதிய டயருக்கும் பழையதற்கும் சுற்றளவு வேறுபாடு எவ்வளவு இருக்கலாம் என்று கையேட்டில் வரம்பு சொல்லியிருப்பார்கள். அதை மீறினால் சேதம் டயரோடு நிற்காமல் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரென்ஷியலுக்கும் போகும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து டயரைப் பிரித்தெடுக்கப் பூசிய பொருள் மேற்பரப்பில் இன்னும் ஒட்டியிருக்கும், பிடிப்பு முழுமையாக வந்திராது. மாட்டிய அன்றே பன்னிரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். 2,000 கி.மீ. ஆனதும் திரும்ப அளவெடுங்கள். ஒரே டயரின் உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடு வந்திருந்தால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் அலைன்மென்ட் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.